துருவி சுட்ட ஆப்பிள் கேக்

என் தங்கை எதையெல்லாம் வென்றாள் என்று கேட்டால் இப்படித்தான் வரிசைப்படுத்துவேன். மணிக்கட்டு திரும்பாத வலது கையை வென்றாள். பழைய இரும்புக் கடைக்குப் போகவிருந்த மின்சார அடுப்பு ஒன்றைப் பாதி வழியில் மறித்து நிறுத்தினாள். சாறு விட்டு மாவையே கூழாக்கும் பருவத்து முதல் ஆப்பிளை வழிக்குக் கொண்டுவந்தாள். இனிப்பு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் எங்கள் அப்பாவை, தட்டில் உதிர்ந்ததைக் கூட விரலால் ஒற்றி எடுக்க வைத்தாள். எங்கள் சித்தப்பாவின் வாயை ஒரு மத்தியானம் முழுக்க அடைத்தாள். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிது என்பது அவரைத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

யாருடைய உதவியும் இல்லாமல் செய்தாள் என்று எழுத மாட்டேன். நாங்கள் எல்லோரும் உதவினோம். அதில் ஒரு உதவிதான் அவளுக்குப் பெரிய உபத்திரவமாக முடிந்தது.

எங்களுடையது பாத்திரங்களுக்கு மெருகு போடும் பட்டறை. முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு, இரண்டுக்கும் நடுவே ஒரு சிறிய அறை. ஹோட்டல் அண்டா, ஆஸ்பத்திரித் தட்டு, கதவுப் பிடி, மாடிப்படிக் குழாய் என்று மங்கிப்போன எது வந்தாலும் துணிச் சக்கரத்தில் பிடித்து, பாலிஷ் கட்டியைத் தேய்த்து, முகம் தெரியும்படி ஆக்கித் திருப்பிக் கொடுப்போம். சக்கரத்தில் நிற்பது அப்பாவும் சித்தப்பாவும். பொருளை வாங்கி வைப்பது, துடைப்பது, காகிதம் சுற்றுவது, யாருடையது என்று சீட்டுக் கட்டுவது என் வேலை. அம்மா நாங்கள் சிறியவர்களாக இருந்தபோதே இறந்துவிட்டதால் தங்கை பட்டறைக்குள்ளேயே தவழ்ந்து, பட்டறைக்குள்ளேயே நடக்கப் பழகினாள்.

அவளுக்குத் துருவி என்று பெயர் வைத்தவர் சித்தப்பா. எதையும் துருவித் துருவிக் கேட்பாள். “சித்தப்பா, சுவிட்சை அமத்தின பிறகும் சக்கரம் கொஞ்ச நேரம் சுத்துதே, அப்ப யாரு சுத்துறா?” என்பாள். அவர் “உங்க தாத்தா” என்று சொல்லித் தப்பிப்பார். “அவர்தான் செத்துட்டாரே” என்று அடுத்தது வரும்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய வருடம், ஓடும் பெல்ட்டைத் தொட்டால் எப்படி இருக்கும் என்று தொட்டுப் பார்த்துவிட்டாள். ஆஸ்பத்திரி, கட்டு, மறுபடியும் ஆஸ்பத்திரி என்று நாள் போயிற்று. கை பிழைத்தது, மணிக்கட்டு மட்டும் திரும்பாமல் நின்றுபோனது. பள்ளிக்கூடத்தில் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருடமும் அதையே சொன்னார்கள். அதற்குப் பிறகு, தன் இடுப்பு உயரமே இருக்கும் பிள்ளைகளோடு உட்கார அவளுக்கு மனம் வரவில்லை. பட்டறையில் கந்தல் துணி பிரித்துப் போட ஓர் ஆள் தேவையாகவும் இருந்தது. அப்படியே முப்பதைத் தாண்டிவிட்டாள்.

அடுப்பு வந்தது அதன் பிறகுதான். கடையை மூடிவிட்டு ஊரைவிட்டுப் போகும் ஒரு பேக்கரிக்காரர், விற்பதற்கு முன்னால் வெளிப்பக்கம் மெருகு போட்டு வைக்கச் சொல்லி அதை விட்டுப் போனார். பிறகு ஆளே வரவில்லை. அலமாரி மாதிரி உயரம், கனமான கதவு, உள்ளே மேலும் கீழும் சூடேறும் கம்பிச் சுருள்கள். நடு அறையில் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, இதை எடைக்குப் போடலாம் என்றார். துருவி அவரை விடவில்லை. இந்தக் கம்பி எங்கே போகிறது, அது ஏன் கருகிப்போயிருக்கிறது, இதைப் பிடுங்கி அங்கே கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் பதில் சொல்வதைவிட வேலையைச் செய்துவிட்டுப் போவது சுலபம் என்று முடிவு செய்து, சுருள்களை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுப்பின் உள்ளே ஒரு வட்டத் தகரம் கிடந்தது. பேக்கரிக்காரர் கேக் சுட்ட பாத்திரம். பக்கவாட்டில் தூக்குவதற்கு ஆணி அடித்த ஒரு காது. எத்தனை வருடத் தீயோ, அடியும் பக்கமும் ஒரே கறுப்பு. இதில் என்னதான் செய்திருப்பார்கள் என்ற கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. எதிர் வீட்டில் இருக்கும் நர்ஸம்மா சொன்னது ஒரே ஒரு வரி: “முட்டையை நிறுத்துப் பாரு. அதே எடைக்கு வெண்ணெய், அதே எடைக்குச் சர்க்கரை, அதே எடைக்கு மைதா.” பட்டறைத் தராசைக் கழுவித் துடைத்து அதில்தான் நிறுத்தாள்.

அது ஆப்பிள் வரத் தொடங்கும் காலம். தெருமுனையில் பழ வண்டிக்காரர் புதிதாக வந்த கூடைகளை இறக்கிக்கொண்டிருப்பார். பருவத்து முதல் பழம் கடித்தால் நறுக்கென்று உடையும், வாயோரம் சாறு வழியும். சாப்பிட நன்றாக இருக்கும், கேக்குக்கு ஆகாது. அவள் சுட்ட முதல் கேக் களிமண் மாதிரி இருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். அவள் சோர்ந்து போகவில்லை, குதூகலமாக இருந்தாள். “அக்கா, இந்தத் தண்ணி எங்கேர்ந்து வருது? பழத்தைக் கையில பிடிச்சா காஞ்சுதானே இருக்கு” என்று ஒரு துண்டைப் பிழிந்து பிழிந்து பார்த்தாள்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். வெண்ணெய்க் கிண்ணத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இடது கையால் அடிப்பாள். வெண்ணெய் வெளுத்து, சர்க்கரை கரைந்ததும் முட்டையை ஒவ்வொன்றாக ஊற்றுவாள். ஆப்பிளை வலது கையின் அடிப்பக்கத்தால் பலகையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் மெல்லிய பிறைகளாக நறுக்கிச் சர்க்கரை தூவிச் சல்லடையில் போட்டுவிடுவாள். சாறு கீழே சொட்டச் சொட்ட அதை எடுத்துப் பட்டை ஒரு துண்டு போட்டுக் கொதிக்கவைத்துப் பாகாக்குவாள். பாதிப் பழம் மாவுக்குள், பாதி மேலே விசிறி மாதிரி. வெந்து வந்ததும் சூட்டோடு பாகைத் தடவுவாள். அப்போது எழும் மணத்துக்கு எங்கள் தெருவில் பாதிப் பேர், ஏதோ வேலை இருப்பது போலப் பட்டறை வாசலில் வந்து நிற்பார்கள்.

சித்தப்பாவுக்குக் கேக்கின் மேல் ஒரு குறையும் இல்லை. தகரத்தின் மேல்தான். “ஊருக்கெல்லாம் மெருகு போடுறோம். நம்ம வீட்டுல பாரு, கரி பிடிச்ச சட்டி. வர்றவன் பாத்தா என்ன நெனைப்பான்?” என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். மங்கலாக ஒரு பொருள் இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. பக்கத்து வீட்டுத் தபால் பெட்டியைக் கூட, யாரும் கேட்காமலே கழற்றி எடுத்து வந்து மெருகு போட்டு மாட்டியவர்.

இப்படி இருக்கும்போதுதான் நர்ஸ் விடுதியின் கேன்டீன் மேலாளரம்மா தட்டுகள் கொண்டுவந்தார். நான் தட்டுகளை எண்ணிச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் மூக்கை நிமிர்த்தி வாசனை பிடிப்பதைப் பார்த்துவிட்டு ஒரு துண்டு எடுத்து வந்து கொடுத்தேன்.

சாப்பிட்டுவிட்டு, துண்டைத் திருப்பி அடியைப் பார்த்தார். “எங்க வாங்கினீங்க?”

“வாங்கல. அதோ நிக்கிறா பாருங்க, என் தங்கச்சி. அவ சுட்டது.”

“பழம் ஈரமா இருக்கு. மாவு ஈரமா இல்ல. எப்படிம்மா இது?”

“பழத்தை முதல்ல நல்லா அழ விட்டுருவேன்” என்றாள் துருவி. “அழுது முடிச்ச பிறகுதான் உள்ள சேத்துக்குவேன்.”

அந்தம்மா சிரித்துவிட்டு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார். “எங்க விடுதிப் புள்ளைங்க டியூட்டி முடிஞ்சு வந்தா சாப்பிட நல்லதா ஒண்ணும் கிடைக்கிறதில்ல. வர்ற வியாழக்கிழமை ஒண்ணு சுட்டுக் கொண்டு வா. அவங்க சாப்பிட்டுப் பாக்கட்டும். இதே மாதிரி இருந்தா, பழம் வர்ற வரைக்கும் தினம் ரெண்டு எடுத்துக்கறேன். ஆனா இதே மாதிரி இருக்கணும். ஒரு நாள் ஒரு மாதிரின்னா எனக்கு ஒத்து வராது.”

அவர் போனதும் துருவி அப்பாவைப் பார்த்தாள். அப்பா சக்கரத்தை நிறுத்திவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டார். நடு அறையில் புதுச் சக்கரம் ஒன்று போட வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

“அந்தம்மா வேணும்னு சொன்னா அடுப்பு அங்கேயே இருக்கட்டும். புதுச் சக்கரத்தை முன்பக்கமே நெருக்கிப் போட்டுக்கறேன்” என்றார். “வேணாம்னு சொல்லிட்டா வெள்ளிக்கிழமை பழைய இரும்புக் கடைக்காரரை வரச் சொல்லிருவேன். அதுக்குப் பிறகு ஏன், எதுக்குன்னு என்னைத் துளைச்சு எடுக்கக் கூடாது.”

“சரிப்பா” என்றாள்.

அவள் அவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை. அடுப்பு போய்விட்டால் மறுபடியும் கந்தல் துணி மூட்டைதான். அது வேலை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதில் கேட்பதற்கு ஒரு கேள்வியும் கிடையாது. சிவப்புத் துணி ஒரு பக்கம், வெள்ளைத் துணி ஒரு பக்கம், அவ்வளவுதான்.

மறுநாள் காலை அவள் பழம் பொறுக்கப் போயிருந்தாள். பொறுக்குவதில் அவளுக்கு அவசரமே கிடையாது. ஒவ்வொரு கூடையிலும் ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்ப்பாள், காம்பை முகர்வாள், வண்டிக்காரர் பெருமூச்சு விடும் வரை விடமாட்டாள். அவள் திரும்பி வந்தபோது, மேசையின் மேல் அந்த வட்டத் தகரம் நிலா மாதிரி நின்றது.

சித்தப்பா கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். முதலில் முரட்டுச் சக்கரம், பிறகு நடுத்தரம், பிறகு மெல்லிய துணி என்று பொன் நகைக்குச் செய்வதுபோலச் செய்திருந்தார். “பாத்துக்க. வியாழக்கிழமை இதோடதான் நீ போகணும். நம்ம பட்டறைப் பொண்ணுன்னு தெரிய வேணாமா?”

துருவி அதைத் தூக்கித் தன் முகத்தைப் பார்த்தாள். “உள்ளயும் போட்டிருக்கீங்களா?”

“உள்ள, வெளிய, அடி. ஒரு இடம் விடல. இந்தக் காதுக்குப் பின்னாடி மட்டும் சக்கரம் நுழையல, அதை யாரு பாக்கப் போறா.”

அப்பா வந்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “நல்லா வந்திருக்கு” என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது அபூர்வம். நான் அதை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய் வைத்துத் தூரத்திலிருந்து ரசித்தேன். துருவிக்குக் கண் கலங்கிவிட்டது. “இவ்ளோ நேரம் எனக்காகவா நின்னீங்க” என்று கேட்டாள். சித்தப்பா, “சும்மா இருந்தேன், செஞ்சேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே ஒரு கேக் சுட்டுப் பார்த்தாள். மேலே பழுப்பு நிறம், வாசனை, எல்லாம் சரி. கவிழ்த்ததும் பக்கமெல்லாம் வெளிறிக் கிடந்தது. அடி ஈரமாக வந்தது. தட்டில் வைத்த கொஞ்ச நேரத்தில் நடுவே தொய்ந்து, பழம் சரிந்து விழுந்தது.

எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தோம். அப்பா மின்சாரம் குறைவு என்றார். நான் முட்டை பழசு என்றேன். சித்தப்பா ஒரே போடாக, “பழம் ஏமாத்துப் பழம். வண்டிக்காரன் தோட்டத்தை மாத்திட்டான்” என்று தீர்ப்புச் சொன்னார். தகரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மறைத்தோம் என்று இல்லை. மெருகு போட்ட பாத்திரத்தில் குற்றம் இருக்க முடியும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் கனவிலும் தோன்றாது. மூன்று தலைமுறையாக அழுக்கும் கறுப்பும்தான் எங்களுக்குக் குற்றவாளி.

துருவி நேராகப் பழ வண்டிக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

“அண்ணே, போன வாரம் குடுத்த பழமும் இப்ப குடுத்ததும் ஒரே தோட்டமா?”

“ஒரே மரம்னு வேணா எழுதித் தரட்டுமா?”

“அங்க மழை பேஞ்சுதா?”

“நான் என்ன வானிலை அறிக்கையா வாசிக்கிறேன்? நீ பழம் வாங்க வந்தியா, என்கிட்ட வாக்குமூலம் வாங்க வந்தியா?”

“கோவிச்சுக்காதீங்க. கேக் அடியில வேகல. ஏன்னு தெரியணும்.”

“அடியில வேகலன்னா அடுப்பைப் போய்க் கேளு. என் பழம் மேலதானே உக்காந்திருக்கு.”

அவர் கோபத்தில் சொன்னதை அவள் யோசித்துக்கொண்டே நடந்தாள். வீட்டுக்கு வந்து, பழமே போடாமல் வெறும் மாவை ஊற்றிச் சுட்டாள். அதுவும் வெளிறித்தான் வந்தது. பழத்தின் மேல் குற்றமில்லை என்று அன்றே தெரிந்துவிட்டது. பிறகு அடுப்பின் கீழ்த்தட்டில் ரொட்டித் துண்டுகளைப் பரப்பி வைத்துப் பார்த்தாள். எல்லாம் ஒரே சீராகப் பொன்னிறமாயின. அடுப்பின் மேலும் குற்றமில்லை. எதிர் வீட்டிலிருந்து முட்டை கடன் வாங்கி வந்து சுட்டாள். அதே கதை.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவாள். இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும் என்று எனக்கு விளக்கினாள். நான் காகிதம் சுற்றுவதை நிறுத்திவிட்டு அவள் பின்னாலேயே அலைந்தேன். சொன்னால் நம்ப வேண்டும், எனக்கும் ஆவல் பிடித்துக்கொண்டது. யார் கொலை செய்தது என்று தெரியாமல் புத்தகத்தை மூட முடியாதே, அந்த மாதிரி.

புதன்கிழமை காலை வந்தது. தொய்ந்த கேக் ஒன்று தட்டில் கிடந்தது. துருவி முக்காலியில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப இதுதான் மிச்சம்” என்றாள். “வேற எல்லாத்தையும் பாத்தாச்சு. அன்னைக்கு நல்லா அடிச்சிருப்பேன். இப்ப அடிக்க வரல.”

“கை போன வாரம் வேற கையா இருந்துச்சா?” என்றேன். “போடி. எழுந்திரி.”

“எழுந்து என்ன பண்ண?”

“அந்தத் தட்டையாவது கழுவு.”

அவள் கேக்கைக் குப்பையில் போடக் கையில் எடுத்தாள். போடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினாள். பக்கவாட்டில் ஒரே ஓர் இடம், கட்டைவிரல் அளவுக்கு, அருமையான பொன்னிறத்தில் வெந்திருந்தது. சுற்றிலும் வெள்ளை, நடுவே அது மட்டும் பழுப்பு.

“அக்கா. இங்க மட்டும் ஏன் வெந்துச்சு?”

“அடுப்புல ஒரு பக்கம் சூடு ஜாஸ்தியா இருக்கும்.”

“ரொட்டி ஒரே மாதிரிதானே வந்துச்சு?” என்று கேட்டுக்கொண்டே முந்தின நாள் கேக்கில் மீதி இருந்ததையும் எடுத்துப் பார்த்தாள். அதிலும் ஓரிடம் பழுப்பு. அதே அளவு. அவள் தகரத்தை எடுத்து வந்து, புதுக் கேக்கை மெதுவாக அதற்குள் இறக்கி, தகரத்தின் விளிம்பில் ஒட்டியிருந்த பழத் துணுக்கும் கேக்கில் பெயர்ந்திருந்த பள்ளமும் நேருக்கு நேர் வரும்படி திருப்பினாள். பழுப்பு இடம் சரியாகக் காதுக்கு நேரே வந்து நின்றது. காதுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். சித்தப்பாவின் சக்கரம் நுழையாமல் விட்ட இடத்தில் பழைய கறுப்பு அப்படியே இருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் சேர்ந்து பட்டறைப் பக்கம் பார்த்தோம். சக்கரத்தின் இரைச்சலில் சித்தப்பா ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

“வெயில்ல கறுப்புச் சட்டை போட்டா சுடும்ல, வெள்ளைச் சட்டை சுடாதுல்ல” என்றாள் மெதுவாக. “தகரம் வர்ற சூட்டைத் திருப்பி அனுப்பிடுதுக்கா. கண்ணாடி மாதிரி.”

“ஏண்டி, நீயே முடிவு பண்ணாத. சித்தப்பா மனசு என்ன பாடுபடும்?”

“முடிவு பண்ணல. பாத்துருவோம்.”

மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றித் திரியை உயர்த்தி, தகரத்தின் வெளிப்பக்கம் எண்ணெய் தடவிப் புகையில் காட்டினாள். சரிபாதி மட்டும். மறுபாதியை ஈரத் துணியால் மூடிக்கொண்டாள். கரி ஏறிக்கொண்டே வந்தது. எங்கள் வீட்டில் யாரும் வேண்டுமென்றே ஒரு பொருளைக் கறுப்பாக்கி நான் பார்த்ததில்லை. சித்தப்பா தண்ணீர் குடிக்க உள்ளே வந்ததும் அந்த நேரம்தான்.

சொம்பை வாயருகே வைத்தபடியே நின்றார். “என்னடி பண்ற?”

“கரி பூசுறேன் சித்தப்பா.”

“தெரியுது. எதுலன்னு கேக்கறேன்.”

“நீங்க மெருகு போட்டதுல.”

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “அரை நாள் நின்னேன். தோள்பட்டை இன்னும் இறங்கல. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லியிருக்கலாம்.”

“பிடிச்சிருக்கு. அதான் பாதி அப்படியே வெச்சிருக்கேன். கொஞ்ச நேரம் உக்காருங்க. நான் சொல்றது தப்புன்னா முழுசையும் நானே தேய்ச்சுக் குடுக்கறேன்.”

அவர் உட்கார்ந்தார். கோபத்தைவிட ஆவல்தான் காரணம் என்று நினைக்கிறேன். எங்கள் குடும்பத்தில் அந்தக் குணம் அவள் ஒருத்திக்கு மட்டும் எங்கிருந்தோ வந்துவிடவில்லை. பாதி கரியும் பாதி மெருகுமாக இருந்த தகரத்தில் மாவை ஊற்றி, பழம் அடுக்கி, அடுப்புக்குள் வைத்தாள். அப்பாவும் சக்கரத்தை நிறுத்திவிட்டு வந்துவிட்டார். நான்கு பேரும் ஓர் அடுப்புக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மெருகுக்குப் பாத்திரம் கொண்டுவந்த ஆள் ஒருவர் வாசலில் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு, யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துத் திரும்பிப் போனாராம்.

கேக்கைக் கவிழ்த்தாள். கோடு கிழித்த மாதிரி, ஒரு பாதி பொன்னிறம், ஒரு பாதி வெள்ளை.

அப்பா பழுப்புப் பக்கத்தில் ஒரு துண்டும் வெள்ளைப் பக்கத்தில் ஒரு துண்டும் எடுத்து மாறி மாறிச் சாப்பிட்டார். பிறகு தட்டில் உதிர்ந்ததை விரலால் ஒற்றி எடுத்தார். சித்தப்பா தகரத்தை எடுத்து, இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, காதுக்குப் பின்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அதோடு எழுந்து போனவர் சாயங்காலம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் பயந்தே போனோம்.

சாயங்காலம் அவராகவே வந்தார். “வெளிய கரி வேணும், சரி. உள்ள என்னத்துக்குக் கரி? உள்ள என் மெருகு இருக்கட்டும். கேக்கு ஒட்டாம வழுக்கிட்டு வரும்.”

“அதுவும் நெசம்தான்” என்றாள். “இப்ப கவுத்தப்ப ஒரு துளி ஒட்டலயே. முன்னாடி கத்தி விட்டுக் கிளறுவேன்.”

“பாத்தியா” என்றார் என்னிடம், நான்தான் அவரோடு வாதாடியது போல. பிறகு விளக்கை அவரே ஏற்றி, மீதிப் பாதிக்கும் அவர் கையாலேயே புகை காட்டினார். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். எண்ணெயும் கரியும் இறுகிப் பிடிக்கும் வரை வெறும் தகரத்தை அடுப்பில் வைத்து எடுத்தாள். தொட்டால் விரலில் ஒட்டவில்லை.

வியாழக்கிழமை காலை சுட்டதை ஒரு வெள்ளைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு நானும் அவளும் விடுதிக்குப் போனோம். கேன்டீன் நீளமான கூடம். தரையில் அப்போதுதான் துடைத்த ஈரம். டியூட்டி முடிந்து வந்த பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை நாற்காலியில் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். துருவி வாசலிலேயே நின்றுவிட்டாள். நான்தான் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினேன்.

மேலாளரம்மா முதல் துண்டை வெட்டி, சாப்பிடுவதற்கு முன்னால் அடியைத் திருப்பி விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு கடித்தார். தட்டைப் பெண்கள் பக்கம் நகர்த்தினார். ஒருத்தி எடுத்தாள், பிறகு நான்கைந்து கைகள் ஒரே நேரத்தில் வந்தன. “மேல தடவியிருக்கறது என்ன, தேனா?” என்று ஒருத்தி கேட்டாள். “அதே ஆப்பிள் சாறுதான்” என்று துருவி சொன்னாள். “எவ்ளோ நேரம் காய்ச்சணும்?” “கரண்டில எடுத்தா சொட்டாம யோசிக்கும். அப்ப இறக்கணும்.” கடைசியாக வந்த ஒரு பெண் காலித் தட்டைப் பார்த்துவிட்டு மற்றவர்களைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

“அதேதான்” என்றார் மேலாளரம்மா. “நாளையிலேர்ந்து ரெண்டு. காலையில கொண்டு வந்து வெச்சுட்டு, இங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போயிரு. பால்காரர், ரொட்டிக்காரர் எல்லாரும் அப்படித்தான்.” தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, இழுப்பறையிலிருந்து மைப் பெட்டியை எடுத்து வைத்தார். “பரவாயில்லம்மா. கைநாட்டும் செல்லும்.”

துருவி மைப் பெட்டியைப் பார்த்தாள். ஏட்டில் பால்காரர் போட்டிருந்த கையெழுத்தைப் பார்த்தாள். “இது என்னன்னு படிக்க முடியுதா உங்களுக்கு?”

“படிக்க முடியாது. ஆனா அவரோடதுன்னு தெரியும்.”

“அப்ப என்னோடதும் பாத்தா தெரியணும்” என்றாள். “நாளைக்கு வந்து போடறேன்.”

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னதும் அவர், “அப்ப சக்கரத்தை முன்பக்கம் நெருக்கித்தான் போடணும்” என்று அளக்கப் போய்விட்டார். எங்கள் அப்பாவின் அகராதியில் அதுதான் வாழ்த்து.

நான் பட்டறையிலிருந்து ஒரு கறுத்த தகட்டை எடுத்து வந்து, பாலிஷ் கட்டியின் முனையால் அதில் அவள் பெயரை எழுதிக் காட்டினேன். எங்கள் அம்மா அவளுக்கு வைத்த பெயர். அதைக் கூப்பிட்டு யாருக்கும் பழக்கமில்லை. எழுத்தாக இருப்பதை அவள் அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தாள்.

“இது ஏன் உள்ள சுருண்டுக்குது?”

“அது அப்படித்தாண்டி.”

“யாரு சுருட்டினா? நேரா விட்டா என்ன ஆகும்?”

“வேற எழுத்தாயிரும். நீ வேற ஆளாயிருவ.”

“ஓகோ” என்று சொல்லிவிட்டுத் தகட்டைப் பிடுங்கிக்கொண்டாள். இடது கையால் எழுதினால், எழுதியதை அந்தக் கையே அழித்துக்கொண்டு போகும். முதலில் அப்படித்தான் ஆயிற்று. பிறகு மணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு எழுதினாள். பிறகு தகட்டைச் சாய்த்து வைத்தாள். அதுவும் சரிப்படாமல் தான் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றினாள். சித்தப்பா இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “கொம்பு சின்னதா இருக்கு” என்று குறை சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை இரண்டு கேக்குகளையும் கேன்டீன் மேசையில் வைத்தாள். மேலாளரம்மா ஏட்டைத் திருப்பி வைத்துப் பேனாவை நீட்டினார். என் தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, மணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு, பால்காரரின் கிறுக்கலுக்குக் கீழே, ஒரு சுழி கூட விடாமல் தன் பெயரை எழுதினாள். மை காயும் வரை கையை எடுக்கவில்லை. பின்னால் ரொட்டிக்காரர் கூடையோடு காத்துக்கொண்டு நின்றார். அன்று இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, அக்டோபர் பதினேழாம் தேதி, வெள்ளிக்கிழமை.